இணையும் குடில்களும் ஆக்கவுரிமையும்

வெயிலுக்கும் மழைக்கும் மனிதன் ஒதுங்கி நிற்கத் தானே ஆக்கிக்கொள்ளும் இடம் குடில். அக்குடிலைச் சிறு அலகாகச் செய்து, வேண்டியபோது ஒன்றோடொன்று தொடுத்து நீட்டவும், வேண்டாதபோது கழற்றிச் சுமந்து செல்லவும் தக்கதாக அமைப்பின் அதனை அலகுக்குடில் எனலாம். இவ்வாறு தொடுக்கப்படும் குடில்களுக்குச் சட்டம் ஆக்கவுரிமை வழங்குமா, வழங்குமெனின் அவற்றின் எப்பகுதிக்கு வழங்கும் என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படும் பொருள். ஆக்கவுரிமை என்று இங்கே குறிப்பது, நாம் பேச்சுவழக்கில் 'பேற்றன்ற்' என்று சொல்லும் அதனையே. புதிதாக ஒன்றைக் கண்டவன் அதன் செய்முறையை ஒளிக்காமல் உலகறிய எழுதிக்கொடுக்கிறான். அதற்கு ஈடாக, குறித்த காலம்வரை தன் அனுமதியின்றி வேறெவரும் அதனைச் செய்து விற்காதபடி தடுக்கும் உரிமையை அரசு அவனுக்கு அளிக்கிறது. கொடுக்கல் வாங்கலாக அமைந்த இவ்வொப்பந்தமே ஆக்கவுரிமையின் உயிர்.

நுவரெலியா மாவட்டத்தில் வாழ்வோர்க்கு இவ்வினா புறம்பானதன்று. ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் அமைந்த இந்நகரையும் ஹற்றன் முதலிய இடங்களையும் சூழ்ந்த தோட்டங்களில், மலைக்குக் கொழுந்தெடுக்கச் செல்லும் பெண்கள் மழை பிடித்துக்கொண்டால் இடுப்பிற் கட்டிய படங்கையும் தலையிலிட்ட கம்பளியையுமே கூரையாகக் கொள்வதை நாம் காண்கிறோம். கொழுந்து நிறுக்கும் மடுவமோ பல வேளைகளில் எட்டவிருக்கும். இனி, பேரிடர் வந்துற்றபோது நேர்ந்தவற்றையும் நினைத்தல் வேண்டும். 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையில் மலைநாட்டின் பல பாகங்களில் மண் சரிந்தபோதும், உயிர் தப்பியோர் பாடசாலைகளிலும் கோயில்களிலும் பிற பொதுக் கட்டடங்களிலும் நெருக்கியடித்துத் தங்க நேர்ந்தது. ஆதலின் விஞ்ஞானக் கண்காட்சி என்றதும், இலேசாகக் காவிச் சென்று விரைவிலே தொடுக்கத்தக்க குடிலின் மாதிரியைச் செய்ய எண்ணும் மாணவர் இப்பகுதியிலே தோன்றுவதில் வியப்பில்லை. "சேர், இதற்குப் பேற்றன்ற் எடுக்கலாமா?" என்று அவர் கேட்பர். ஊக்கங் கொடுக்கும் பொருட்டு "எடுக்கலாம்" என்று சொல்லிவிடுவதும், "தோட்டத்துப் பிள்ளைக்கு அது எதற்கு?" என்று தட்டிக் கழிப்பதும் ஆசிரியர்க்கு அழகல்ல. சரியான விடை இவ்விரண்டுக்கும் இடையே, சற்று நுட்பமானதோர் இடத்தில் உள்ளது.

இலங்கையில் இப்பொருள்பற்றி நடைமுறையிலுள்ளது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். இதற்கு முன்னர் 1979 ஆம் ஆண்டின் 52 ஆம் இலக்கச் சட்டம் வழங்கிற்று. தொழினுட்பத் துறையில் எழுந்த குறிப்பிட்டதொரு சிக்கலுக்கு நடைமுறையில் தீர்வு தருவதாகிய எண்ணமே கண்டுபிடிப்பு என்பது இச்சட்டத்தின் கருத்து. அக்கண்டுபிடிப்பு மூன்று சோதனைகளைத் தாண்டுதல் வேண்டும். அது புதியதாக இருத்தல் வேண்டும். அத்துறையிற் சாதாரண திறமையுடைய ஒருவர்க்கு முன்னறிந்தவற்றைக்கொண்டு எளிதிற் புலப்படாத ஒரு படியேனும் அதில் இருத்தல் வேண்டும். கைத்தொழிலிற் பயன்படத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும். குடில் செய்து பயன்படுத்தப்படும் பொருளாதலின் மூன்றாவது சோதனைபற்றி வாதமில்லை. இடர்ப்பாடெல்லாம் முன்னிரண்டிலேயே.

புதுமை என்பது ஊரளவிலோ நாட்டளவிலோ அளக்கப்படுவதன்று. உலகில் எவ்விடத்தாயினும், எம்மொழியிலாயினும், நூலாலோ பேச்சாலோ பயன்பாட்டாலோ பொதுமக்கட்கு முன்னரே வெளியானது எதுவோ அது புதிதன்று. எம் மாணவன் அதனை அறியாமலே தானாகச் சிந்தித்துக் கண்டானாயினும் சட்டத்தின்முன் அது பழையதே. இந்த அளவுகோலை வைத்து நோக்கும்போது குடிற்றுறை மிக நெருக்கமான துறையாகத் தோன்றுகிறது. தமிழர் திருவிழாக்களிலும் மணவீடுகளிலும் இடும் பந்தலை எடுத்துக்கொள்க. கால் நட்டு, குறுக்குக் கழி கட்டி, மேலே கிடுகு வேய்ந்து, இன்னும் சனம் வருமென்றால் அடுத்த இரு கால்களை நட்டு நீட்டிவிடுகிறோம்; விழா முடிந்ததும் பிரித்துச் சாத்திவிடுகிறோம். அலகு, இணைப்பு, நீட்சி, பிரிப்பு ஆகிய நான்கும் அதில் அமைந்துவிட்டன. 1830 களில் லண்டன் நகரத் தச்சராகிய ஜோன் மானிங் என்பவர், அவுஸ்திரேலியாவிற் குடியேறச் சென்றோர்க்கெனப் பலகைத் தட்டிகளாலான சிறு வீடொன்றைச் செய்து விற்றார். அதன் தட்டிகள் ஒரேயளவினவாதலின் ஒன்றினிடத்தில் மற்றொன்றை மாட்டலாம். கப்பலிற் கட்டி அனுப்பவும், சென்ற இடத்தில் இறுக்கி நிறுத்தவும் ஏற்றதாக அஃது அமைந்திருந்தது.

இன்னும் எமக்கு அணுக்கமானது தகரம். நெளிவுத் தகரத்தைக் கட்டடத்திற் பயன்படுத்துதற்கு 1829 இல் இங்கிலாந்தில் ஆக்கவுரிமை பெற்றவர் லண்டன் துறைமுக எந்திரியாகிய ஹென்றி றொபின்சன் பாமர். மெல்லிய இரும்புத் தகட்டை அலைபோல் நெளித்தால் அது தன் பாரத்தைத் தானே தாங்கும் வலிமை பெறுகிறது. ஒரு தகட்டின் விளிம்பலை அடுத்த தகட்டின் விளிம்பலைமேற் படிந்து மழைநீரை உள்ளே விடாது தடுக்கிறது. தகடு அலகு, அலை இணைப்பு. அக்காலத்து உரிமை 14 ஆண்டுக்கே உரியதாதலின் 1843 இல் அது முடிந்து, அறிவு எவர்க்கும் பொதுவாயிற்று. மலைநாட்டு லயங்களும் தொழிற்சாலைகளும் தகரக்கூரை வேய்ந்த காலத்தில் பாமருக்கு எவரும் ஒரு சதமும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

முதலாம் உலக யுத்தத்தின்போது இத்தகரத்தையே அரைவட்டமாக வளைத்து, விலா எலும்பு போன்ற இரும்பு வளைவுகளின்மேற் பொருத்திக் குடில் செய்தவர் பிரித்தானியப் படைப்பொறியியலாளராகிய பீற்றர் நோர்மன் நிசென். 1916 இல் அவர் அதற்கு ஆக்கவுரிமை பெற்றார். 16 அடி அகலமான அக்குடிலின் உறுப்புக்கள் யாவும் ஒரு படை வண்டியில் அடங்கும். ஆறு பேர் நான்கு மணி நேரத்தில் அதனை நிறுத்திவிடலாம். வளைவுகளை ஏறத்தாழ ஆறடிக்கு ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் குடில் நீளும். தகரமும் பழையது, வளைவும் பழையது, வரிசையும் பழையது. பின் நிசெனுக்கு உரிமை எவ்வாறு கிடைத்தது? அவர் குடிலுக்கென்று உரிமை கேட்கவில்லை. தகரமும் வளைவும் உள்வேய்ச்சலும் ஒன்றையொன்று பற்றி நிற்குமாறு அமைத்த முறைக்கே கேட்டார். இவ்வேறுபாடு இக்கட்டுரைக்கு நடுநாயகமானது.

இனி, 'இணைத்தல்' என்பதை மட்டும் தனியே எடுத்து நோக்குவாம். இதற்கு எம் கண்முன்னேயே ஓர் உதாரணம் நிற்கிறது. அதுதான் லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று பொதுவாகச் சொல்லப்படும் ஒரு காம்பரா. முன்னே ஓர் இஸ்தோப்பு. பக்கச்சுவருக்கு அப்பால் அதே அளவில் மற்றொரு காம்பரா. இவ்வாறே வரிசை நீள்கிறது. சில தோட்டங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயங்களும் உண்டு. கோப்பிக் காலந்தொட்டு வந்த இவ்வமைப்பில் இணைப்பின் பயன் யாது? ஒரு சுவர் மிச்சம், ஒரே கூரை, செலவு குறைவு, அவ்வளவே. பத்தாவது காம்பரா முதலாவது காம்பராவை வெப்பமாக்குவதுமில்லை, உறுதியாக்குவதுமில்லை. அண்டை வீட்டுப் புகையையும் சச்சரவையும் பங்கிடுவதைத் தவிர ஒன்றுக்கொன்று செய்யும் உதவி எதுவுமில்லை. ஒன்றைச் செய்யத் தெரிந்தவன் பத்தைச் செய்வதில் புதுச்சிந்தனை எங்கே? சட்டமும் இதனையே கேட்கிறது.

இந்தியாவின் 1970 ஆம் ஆண்டு ஆக்கவுரிமைச் சட்டம் இதனை வெளிப்படையாகவே விதித்துள்ளது. முன்னறிந்த கருவிகளை, ஒவ்வொன்றும் தான் அறிந்த வழியிலே தனித்தனி இயங்குமாறு, வெறுமனே அடுக்குதலும் மாற்றியடுக்குதலும் இரட்டித்தலும் கண்டுபிடிப்பு ஆகா என்பது அதன் 3 ஆம் பிரிவின் (எப்) உட்பிரிவு. எமது 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் விலக்குப் பட்டியலில் இத்தகைய வாசகம் இல்லை. அதுகொண்டு இலங்கையில் இத்தகையன தப்பிவிடும் என்று கருதலாகாது. எளிதிற் புலப்படாத படி வேண்டுமென்ற இரண்டாவது சோதனையே அவற்றை வடிகட்டிவிடும். இந்திய உயர் நீதிமன்றம் 1978 டிசம்பரில் தீர்த்த விசுவநாத் பிரசாத் ராதேசியாம் எதிர் இந்துஸ்தான் மெற்றல் இண்டஸ்றீஸ் என்ற வழக்கு இதற்குத் தக்க விளக்கம். உலோகப் பாத்திரங்களைக் கடைசற்பொறியில் வைத்துத் தீட்டும்போது அவற்றை இறுகப் பிடித்துக்கொள்ளும் அமைப்பொன்றுக்கு இந்துஸ்தான் நிறுவனம் உரிமை பெற்றிருந்தது. பழைய முறையினும் அது வசதியானதே. ஆயினும் பழகிய தொழிலாளி ஒருவன் பட்டறையிலே இயல்பாகச் செய்துகொள்ளக்கூடிய திருத்தமே அது என்றும், பழையவற்றைச் சேர்ப்பதாயின் அச்சேர்க்கை பட்டறைத் திருத்தத்துக்கு மேற்பட்ட ஒன்றாக இருத்தல் வேண்டும் என்றும் நீதிமன்றம் கொண்டது. உரிமை வீழ்ந்தது.

ஆங்கில நாட்டில் இதற்கும் முற்பட்டதொரு வழக்கு உண்டு. சைவ மணங் கமழும் கல்லூரி மலரொன்றில் எடுத்தாளச் சிறிது கூச்சந் தருவதாயினும் அதனை விட மனம் வரவில்லை. 1890 இல் தீர்க்கப்பட்ட வில்லியம்ஸ் எதிர் நை என்ற அவ்வழக்கை 'சொசேஜ் பொறி வழக்கு' என்றே சட்டமாணவர் வழங்குவர். இறைச்சியை அரைக்கும் பொறி முன்னரே உண்டு. அரைத்ததைக் குடற்சவ்வில் நிரப்பும் பொறியும் முன்னரே உண்டு. ஒருவர் இரண்டையும் ஒரே சட்டத்திற் பூட்டி உரிமை பெற்றார். அரைப்பது முன்போலவே அரைத்தது. நிரப்புவது முன்போலவே நிரப்பியது. பூட்டியதனால் எதுவும் மாறவில்லையாதலின் உரிமை செல்லாதாயிற்று. தன் பெயரிலே தேயிலையைக் கொண்டிருந்த ஓர் அமெரிக்க வணிக நிறுவனமும், அதாவது கிறேற் அற்லாண்டிக் அன் பசுபிக் ரீ கொம்பனியும், 1950 இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றத்தில் இதே வாதத்தால் வென்றது. கடையிற் பொருள்களைக் காசாளர்பக்கம் இழுத்து வரும் அடியில்லாச் சட்டமொன்றை நீண்ட மேசையோடு சேர்த்தமைக்கு எதிர்த்தரப்பார் பெற்றிருந்த உரிமையை அந்நீதிமன்றம் செல்லாதென்றது.

கட்டட இணைப்பைப் பற்றியே எழுந்த வழக்கொன்றும் உண்டு. 1960 இல் அமெரிக்க நீதிமன்றமொன்றில் ஹார்சா என்பவரின் விண்ணப்பம் ஆராயப்பட்டது. அடுத்தடுத்து வார்த்த கொங்கிறீற்றுத் துண்டங்களின் இடைவெளியில் நீர் புகாமல் அடைக்கும் நெகிழ்பட்டை அதன் பொருள். முன்பிருந்த பட்டையில் ஒரு விலா. ஹார்சாவின் பட்டையில் பல விலாக்கள். எதிர்பாராத புதுவிளைவு தோன்றாதவரை உறுப்பைப் பலவாக்குதல் ஆக்கவுரிமைக்குப் பொருளாகாது என்பது அங்கே முடிவாயிற்று. ஒரு குடிலைச் செய்தவன் அதனைப் பத்தாக்கி வரிசையில் நிறுத்தினேன் என்று விண்ணப்பித்தால் எதிரே வைக்கப்படும் முதற்கேள்வி இதுவாகவே இருக்கும்.

தமிழ் கற்பித்துப் பழகியவனுக்கு இவ்விடத்தில் நன்னூலின் புணரியல் நினைவுக்கு வராமற் போகாது. பொன் என்பதும் மலை என்பதும் சேர்ந்து பொன்மலை ஆகின்றன. இரு சொல்லும் தத்தம் உருவில் நிற்கின்றன. சேர்க்கையால் ஏதும் நிகழவில்லை. இஃது இயல்புப் புணர்ச்சி. வாழையும் பழமும் சேருமிடத்தோ இரண்டிலும் இல்லாத பகர மெய் ஒன்று தோன்றி வாழைப்பழம் என்றாகிறது. மண்ணும் குடமும் மட்குடம் ஆகும்போது ஓரெழுத்துத் திரிகிறது. மரமும் வேரும் மரவேர் ஆகும்போது ஓரெழுத்துக் கெடுகிறது. இவை விகாரப் புணர்ச்சி. ஆக்கவுரிமைச் சட்டம் தேடுவது விகாரப் புணர்ச்சியை. இரண்டு அலகுகள் கூடுமிடத்தில் தனி அலகிலே இல்லாத ஏதேனும் ஒரு வேலை தோன்றல் வேண்டும். அல்லது ஓர் உறுப்பின் தொழில் வேறாகத் திரிதல் வேண்டும். அல்லது முன்பு தேவைப்பட்ட ஓர் உறுப்பு வேண்டப்படாது கெடுதல் வேண்டும். சட்டநூலார் இவ்வாறு சொல்லவில்லை. ஆயினும் என் வகுப்பு மாணவர்க்கு இதனினும் தெளிவாக விளக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

விகாரப் புணர்ச்சிக்கு உலகறிந்த உதாரணம் ஒன்று பிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டியில் இருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும் பிளாஸ்ரிக் கற்களை இங்கிலாந்தில் ஹிலறி பேஜ் என்பவர் முன்னரே செய்து விற்றார். மேலே குமிழ்கள், அடியில் வெறும் உட்குழிவு. அடுக்கலாம், ஆனால் இறுக்கமாகப் பற்றா. டென்மார்க்கு நாட்டு லெகோ நிறுவனத்துக் கொட்பிறெட் கேர்க் கிறிஸ்ரியன்சன் 1958 ஜனவரி 28 ஆம் நாள் விண்ணப்பித்த உரிமை, அவ்வுட்குழிவினுள்ளே சிறு குழாய்களை அமைத்தமைக்கு. கீழ்க்கல்லின் குமிழ்கள் மேற்கல்லின் குழாய்க்கும் சுவருக்கும் இடையே நெருக்குண்டு, பலவகையாக அடுக்கினும் வழுக்காது நின்றன. கல் பழையது, குமிழ் பழையது, அடுக்குதல் ஆதிகாலத்தது. குழாய் ஒன்றே புதியது. அதுவே போதியதாயிற்று. அமெரிக்க நாட்டில் அடம்ஸ் என்பவரின் மின்கல வழக்கிலும் (1966) இதே நிலை. மக்னீசியமும் செம்புக் குளோரைட்டும் முன்னறிந்தனவே. ஆயினும் நீர் விட்டவுடன் உயிர்பெற்று, வல்லுநர் நம்ப மறுத்த அளவு பயன்தந்த அச்சேர்க்கையை நீதிமன்றம் கண்டுபிடிப்பென ஏற்றது.

இக்கருத்தை நுவரெலியாவின் சரிவான நிலத்துக்குக் கொண்டு வருவாம். இங்கேதான் எம் மாணவர்க்கு உண்மையான வாய்ப்பு இருக்கிறது. பிற நாட்டில் விற்கப்படும் குடில்களிற் பல சமதரையை மனத்திற்கொண்டு செய்யப்பட்டவை. சமதரையிற்கூட இரண்டு குடில்களைப் பக்கமாக ஒட்டி நிறுத்தினால், இரு கூரைகளின் தாழ்ந்த விளிம்புகளும் கூடுமிடத்தில் ஒரு பள்ளம் உண்டாகும். கூரைமேல் விழும் மழையிற் பெரும்பங்கு அப்பள்ளத்திலேயே வந்து சேரும். அங்கே துணியிட்டு மூடினால் நீர் தேங்கித் துணி தொங்கிக் கிழியும். மூடாது விட்டால் ஒரு குடிலிலிருந்து மற்றொன்றுக்கு நனையாமற் செல்வது என்ற இணைப்பின் பயனே கெடும். சரிவிலோ அடுத்த அலகு இரண்டடியோ மூன்றடியோ தாழ நிற்கும். அத்தாழ்வும் இடத்துக்கிடம் வேறுபடும். நேரான குழாய்மூட்டு அங்கே பொருந்தாது. கால்கள் ஈரமண்ணில் வழுகும். ஜூன் மாதத் தென்மேற்குக் காற்றுக்கு இலேசான கூரை பட்டம்போலக் கிளம்பும். ஒன்று கிளம்பினால் தொடுத்திருந்த மற்றவற்றையும் இழுத்துச் செல்லும். ஆகவே இணைப்பு என்பது மலைச்சரிவில் வசதியாக அன்று, இடராகவே முதலில் தோன்றுகிறது. இடர் உள்ள இடத்திற்றான் சட்டம் கேட்கும் 'குறிப்பிட்ட சிக்கல்' உள்ளது.

உதாரணத்துக்காக ஒன்றைக் கற்பனை செய்வோம். இரு அலகுகளுக்கும் பொதுவான காலின்மேல், மேலுங் கீழும் அசையத்தக்க கீலிற் பூட்டிய தகரப் பீலி ஒன்று. மேலலகின் கூரைத்துணியும் கீழலகின் கூரைத்துணியும் அப்பீலியின் இரு விளிம்புகளிலும் கொளுவப்படுகின்றன. கீழலகு தன் பாரத்தாற் சரிவிலே கீழ்நோக்கி இழுக்குமன்றோ? அவ்விழுவை பீலி வழியாக மேலலகின் கூரைத்துணியைத் தொய்யாமல் இறுக்குகிறது. இறுகிய மேலலகு கீழலகை வழுகாமற் பிடிக்கிறது. தாழ்வு எவ்வளவாயினும் கீல் அதற்கேற்பத் திரும்ப, பீலியும் நீர் வடியும் சாய்விலேயே நிற்கிறது. இங்கே பீலி நீரையும் கொண்டுசெல்கிறது, கட்டுக்கயிற்றின் வேலையையும் செய்கிறது. முன்பு தேவையாயிருந்த இழுகயிறும் முளையும் சில இடங்களில் வேண்டப்படாமற் போகின்றன. ஓரலகைக் கழற்றினால் மற்றையது தளரும். ஒவ்வொன்றும் தனித்தனி இயங்குகிறது என்று இதனைப்பற்றி எவரும் சொல்ல முடியாது. தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றும் இதில் உண்டு. இத்தகையதொன்றே இரண்டாவது சோதனையின்முன் நிமிர்ந்து நின்று வாதாடத்தக்கது. உரிமைக்கோரலை எழுதும்போதும் 'இணையும் குடில்' என்று அகலமாக எழுதாமல், கீல், பீலி, இரு விளிம்புக் கொளுவி, இழுவை செல்லும் வழி ஆகியவற்றையே குறுக்கி எழுதுதல் வேண்டும். அகலமாகக் கேட்டவன் பந்தலோடு மோதி அனைத்தையும் இழப்பான்.

இங்கே ஒரு வேடிக்கை. மேலே சொன்ன பீலி அமைப்பு இம்மலரில் அச்சாகி உங்கள் கைக்கு வந்துவிட்டமையால், இதனைத் தன் கண்டுபிடிப்பென்று இனி எவரும் விண்ணப்பிக்க இயலாது. அது பொதுச்சொத்தாயிற்று. மாணவர் வேறொன்றைக் காண்பாராக. இதுவே கண்காட்சிக்கும் பொருந்தும். மாதிரியை மேசையில் வைத்து வருவோர் போவோர்க்கெல்லாம் விளக்குதலும், பத்திரிகையிற் படம் வெளிவருதலும் சட்டத்தின் நோக்கில் வெளியீடே ஆகும். விண்ணப்பிப்பவர் தாமே முன்னர் வெளியிட்டதைப் பொறுத்துக்கொள்ளும் சலுகைக் காலம் ஒன்று எமது சட்டத்தில் உண்டு. ஆனால் பல நாடுகள் அத்தகைய சலுகையைத் தருவதில்லையாதலின், முதலிற் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விண்ணப்பம், பிறகு கண்காட்சி என்ற வரிசையே பாதுகாப்பானது. இலங்கை 1952 தொடக்கம் பாரிஸ் உடன்படிக்கையின் உறுப்புநாடு; இங்கே விண்ணப்பித்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பிற உறுப்புநாடுகளில் விண்ணப்பித்தால் முதல்நாளின் முற்படு தகுதி அங்கும் கிடைக்கும். உரிமையின் ஆயுள் விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டு. கண்டவர் யார் என்பதில் ஆசிரியர் கவனமாயிருத்தல் நன்று. எண்ணத்தைத் தந்தவரே கண்டுபிடிப்பாளர். தகரமும் ஆணியும் வாங்கித் தந்தவர், மேடையிற் பரிசைக் கையேற்றவர் ஆகியோர் அல்லர்.

குடிலின் தோற்றம் அழகியது, புதியது, ஆனால் செய்முறையிற் புதுமை இல்லை என்றால் கைத்தொழில் வடிவமைப்பாகப் பதிவுசெய்யும் வழி தனியே உண்டு. அது கண்ணுக்குப் புலனாகும் வடிவைக் காக்குமேயன்றி, மூட்டு எவ்வாறு வேலைசெய்கிறது என்பதைக் காவாது. ஒன்றைக்கொண்டு மற்றொன்றின் குறையை மூடலாமென்று எண்ணுவோர், ஆக்கவுரிமைக் காலம் முடிந்தபின் தன் கல்லின் வடிவையே வணிகக்குறியாக நிலைநிறுத்த முயன்ற லெகோவுக்கு 2005 இல் கனடாவிலும் 2010 இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றிலும் நேர்ந்த தோல்வியை நோக்குவாராக.

இடருற்றோர்க்கான குடிலுக்கு உரிமை கோருவதே தகுமா என்று கேட்போரும் உளர். அக்கேள்வியை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். ஈரத் தரையிற் கிடக்கும் குழந்தைக்கும் கூரைக்கும் இடையே உரிமைப் பத்திரம் ஒன்று வந்து நிற்பதை எவரும் விரும்பார். ஆயினும் உரிமை பெறுதல் வேறு. அதனை எவ்வாறு பயன்படுத்துவது என்பது வேறு. யுத்தகாலத்திற் செய்யப்பட்ட குடில்களுக்கு நிசென் உரிமைப்பணம் பெறவில்லை. யுத்தம் முடிந்தபின் விற்கப்பட்டவற்றுக்கே பெற்றார். அத்தொகை ஏறத்தாழ 13,000 பவுண் என்பர். உரிமை கையிலிருந்தமையாற்றான் எங்கே விடுவது, எங்கே பெறுவது என்பதை அவர் தீர்மானிக்க முடிந்தது. அன்றியும் அவசர நிலையில் உரிமையாளரின் சம்மதமின்றியே ஒரு கண்டுபிடிப்பைப் பயன்படுத்த அரசுகளுக்கு உலக வர்த்தக அமைப்பின் புலமைச் சொத்து உடன்படிக்கையின் 31 ஆம் உறுப்புரை இடமளிக்கிறது.

இவற்றினும் எம்மவர்க்கு உடனே பயன்தரும் உண்மை ஒன்றுண்டு. ஆக்கவுரிமை பெற்ற நாட்டின் எல்லைக்குள்ளேயே செல்லும். பிற நாட்டவர் ஒருவர் தம் குடில்மூட்டுக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உரிமை பெற்று, இலங்கையிற் பெறாது விட்டாராயின், அம்மூட்டை இங்கே செய்து இங்கே பயன்படுத்துதற்குத் தடையில்லை. அவர் உரிமை பெற்ற நாட்டுக்கு ஏற்றுமதி செய்தலே கூடாது. இங்கே உரிமை நிலவுகிறதா என்பதைப் புலமைச் சொத்து அலுவலகத்திற் கேட்டு அறியலாம். காலங்கடந்த உரிமைகளோ எங்கும் எவர்க்கும் பொது. பொக்மின்ஸ்ரர் புல்லரின் முக்கோணக் கோளக்கூரைக்கு 1954 இல் அமெரிக்காவில் வழங்கிய 2,682,235 ஆம் இலக்க உரிமை காலாவதியாகிப் பல்லாண்டுகள் ஆயின. அத்தகைய விவரணங்களை, அளவும் படமும் செய்முறையுமாக, உலகப் புலமைச் சொத்து அமைப்பும் ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகமும் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. ஆக்கவுரிமை கேட்பதற்குமுன் மாணவன் தேடவேண்டிய இடமும் அதுவே; தேடிச்சென்ற இடத்தில் தன் எண்ணம் முன்னரே எழுதப்பட்டிருக்கக் கண்டானாயின், அதன் காலம் கடந்துவிட்டதெனில், விண்ணப்பத்தை விட்டுவிட்டு அப்படத்தைப் பார்த்தே மூங்கிலிலும் தகரத்திலும் மலைக்கொரு குடிலாகச் செய்து நிறுத்தலாம். அதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, தோட்ட நிருவாகத்திடம் நிலத்துக்கன்றி.